படத்தை நிறுத்தும் பொத்தான்

வியாழக்கிழமை, மாலை

அன்பு மகளுக்கு,

இன்று காலை பத்தரை மணிக்கு மாப்பிள்ளையின் இடது கைக் கட்டைப் பிரித்தார்கள். சுட்டுவிரல் பிழைத்துவிட்டது என்று அறுவை மருத்துவரே என்னிடம் சொன்னார். நடுவிரலை முதல் நாளே எடுத்துவிட்டது உனக்குத் தெரியும். காய்ச்சல் இல்லை. மதியம் தானே ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார்.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தபாலில் போட்டால் நாளாகும். எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

நான் பாடம் நடத்திய பயிற்சிக்கூடத்தை மூடியபோது, திரையில் படம் காட்டி கிரேன் ஓட்டப் பழக்கும் சிமுலேட்டரைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அதிலிருந்த இரண்டு லீவரையும், குடை மாதிரி இருக்குமே, அந்தச் சிவப்பு நிறுத்தப் பொத்தானையும் நான் கேட்டு எடுத்து வந்தேன். மாப்பிள்ளை அவற்றை வைத்து ஒரு சி.என்.சி. செய்யலாம் என்றார். கணினியில் வரைந்ததைப் பலகையில் வெட்டித் தரும் இயந்திரம். பின்னறையில், நீ படித்த மேசையின் மேலேயே பூட்டினோம். லீவரைத் தள்ளினால் வெட்டும் தலை நகரும். "பத்து டன் தூக்கப் பழக்கின லீவர், மாமா. இப்ப பென்சில் சைஸ்ல ஒரு கத்தியை இழுத்துட்டுத் திரியுது" என்று சிரிப்பார். நான்கு மாதம் அலமாரிக் கதவுகள் வெட்டினோம்.

"கவனிக்காம கையை விட்டுட்டேன்" என்று அவர் உன்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரிப் படிவத்திலும் கவனக்குறைவு என்றே எழுதச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

நடந்தது இது. போன வாரம் செவ்வாய்க்கிழமை, மாலை மூன்றரை மணி இருக்கும். வெட்டிக்கொண்டிருந்த பலகை பிடியிலிருந்து கழன்று குதித்தது. நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, மாப்பிள்ளை உள்ளங்கையால் பொத்தானை ஓங்கி அடித்தார். வெட்டும் தலை அங்கேயே நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வகுப்பில் யாராவது பொத்தானை அடித்ததும் நான் "அமுக்கியாச்சா? அப்ப கிட்டப் போ" என்பேன். பத்தொன்பது வருடப் பழக்கம். மாப்பிள்ளையும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்தானே. அன்றும் அதையே சொன்னேன். "அமுக்கியாச்சுல்ல? பலகையை எடுங்க மாப்பிள்ளை." அவர் பழைய ஞாபகத்தில் "சரி சார்" என்றார். கையை நீட்டினார்.

தலை நகராமல் நின்றாலும், அதிலிருந்த கத்தி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அந்த வேகத்தில் அது சும்மா நிற்கும் கம்பி போலத்தான் தெரியும். தூசி இழுக்கும் மோட்டாரின் இரைச்சலில் அதன் சத்தமும் கேட்கவில்லை.

மறுநாள் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் வந்து பிரித்துப் பார்த்தார். பலகை குதித்ததில் கணினியிலிருந்து வரும் கேபிள் கழன்றிருக்கிறது. தலை நின்றது அதனால்தான். பொத்தானைக் காட்டி, "ஐயா, இது கரண்டை வெட்டவே இல்ல. 'கொஞ்சம் நிறுத்திக்கோ'ன்னு கம்ப்யூட்டர்கிட்ட கெஞ்சுது, அவ்வளவுதான். கேபிள் கழண்டதும் அந்தச் சேதி கத்தி மோட்டாருக்குப் போகவே இல்ல" என்றார்.

சிமுலேட்டரில் அது போதும். படம் நின்றால் சரி. அங்கே கிரேன் கவிழ்ந்து செத்தவனெல்லாம் எழுந்து டீ குடிக்கப் போவான். அதே ஒயர்களை அப்படியே கணினியில் செருகியவன் நான். மோட்டார் லைனில் தனியாக ஒரு சுவிட்ச் வைக்கலாமா என்று மாப்பிள்ளை ஒருமுறை கேட்டார். "இருக்கறதே போதும்" என்றேன்.

அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். "பொம்மைப் பொத்தானை நம்பி அடுத்தவங்க கையை உள்ள விடச் சொன்னீங்களே" என்றாள். அதற்குப் பிறகு "சாப்பிட வாங்க" தவிர வேறு பேச்சில்லை. மின்சாரத்தைத் துண்டித்து அறையைப் பூட்டிவிட்டேன். நாளை ஆஸ்பத்திரி அலுவலகத்தில் படிவத்தைத் திருத்தி எழுதித் தரப்போகிறேன். மாப்பிள்ளை வேண்டாம் என்கிறார். கேட்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அவரிடம், "கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?" என்று கத்தியது எனக்கும் கேட்டது. அவர் போனைத் தலையணையடியில் வைத்துவிட்டு, "விடுங்க மாமா, அவ பயத்துல பேசறா" என்று என்னைத் தேற்றினார். அந்தக் கேள்வியை இனி அவரிடம் கேட்காதேம்மா. என்னிடம் கேள். எத்தனை முறை வேண்டுமானாலும் கேள். அங்கே உன் வேலை ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டு நீ வருவதா வேண்டாமா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள். நான் அதில் தலையிடமாட்டேன்.

மோதிரவிரல் இன்னும் கறுத்துத்தான் இருக்கிறது. ரத்தம் ஓடுகிறதா, எடுக்க வேண்டுமா என்பதைத் திங்கட்கிழமை காலை பார்த்துவிட்டுச் சொல்வதாக மருத்துவர் கூறியிருக்கிறார். பதினொரு மணிக்குள் தெரிந்துவிடும். முதலில் அவருக்குப் போன் செய். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்
அப்பா