தாம்பூலப் பையில் வந்த டப்பா

மயூர் விஹார்
சனிக்கிழமை

சௌபாக்கியவதி ஜ்யோத்ஸ்னாவுக்கு அம்மாவின் ஆசிகள். நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்க வேண்டும். உனக்கு இந்த மாசத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்றதும் உன் ஊருக்குக் கிளம்பிய ப்ரசன்னாவிடம் மூலிகைப் பொடி கொடுத்தனுப்பினேனே, அதைத் திறக்காதே என்று நேற்று போனில் கத்திவிட்டு வைத்துவிட்டேன். அப்பா பக்கத்திலேயே இருந்தார், உனக்கு அனுப்பியது அவருக்குத் தெரியாது. மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இதற்காவது உதவட்டும், எழுத்துக்கூட்டியாவது முழுக்கப் படி.

மேல் மாடி அனந்தலக்ஷ்மி மாமி வீட்டு வெள்ளிக்கிழமை சகஸ்ரநாமத்தில் இப்போது அம்பாளைவிட அந்தப் பொடிக்குத்தான் அர்ச்சனை. பாராயணம் முடிந்ததும் வெற்றிலை பாக்கோடு பையில் ஒரு டப்பாவையும் போட்டுவிடுகிறாள். வேண்டாமென்றால், "தாம்பூலத்தை மறுக்கப்படாதுடீ ஹம்சா, சுமங்கலிக்கு ஆகாது" என்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை, "எப்படி இருந்தது?" என்று விசாரித்தபடியே காசுக்குக் கை நீட்டுகிறாள். மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் நம் டப்பா இலவசமாம், அவர்கள் ஆளுக்கு மூன்று பேரைப் பிடிக்க வேண்டுமாம். இப்படியே போனால் மயூர் விஹாரில் விற்க ஆளிருக்கும், வாங்க இருக்காது. உன் புத்திசாலி அம்மாவும் மூன்று பேரைச் சேர்த்தாள், காய்கறி வண்டிக்கார பையாவைக்கூட விடவில்லை. போன வாரம் டாக்டர் மாத்திரையோடு இதையும் விழுங்கிய அப்பா மெட்ரோ படிக்கட்டில் வியர்த்துச் சுருண்டுவிட்டார், சர்க்கரை அதலபாதாளத்தில். ஆஸ்பத்திரியில் பொடியைச் சோதனைக்கு அனுப்பினார்கள், நேற்று பதில் வந்தது. வெந்தயம், நாவல்கொட்டை, கூடவே அப்பா தினமும் போடுகிற அதே இங்கிலீஷ் மாத்திரை, அரைத்து! மருந்துக்கடையில் சில்லறைக்குக் கிடைப்பதை ரிஷி சொன்னது என்று பத்து மடங்குக்கு விற்கிறார்கள், தூ. மாமியிடம் சொன்னால், "அப்போ வேலை செய்யறதுன்னு ஆச்சோல்லியோ?" என்கிறாள். மாடிப்படி இறங்கும் வரை திட்டித் தீர்த்தேன், பாதி அவளை, பாதி என்னை. பையாவிடம் ஓடிப்போய் டப்பாவைப் பிடுங்கினேன், அவன் அம்மா பாதி சாப்பிட்டிருந்தாள். மற்ற இரண்டு வீட்டிலும் கதவு திறந்த முகங்களைப் பற்றி எழுத மாட்டேன்.

இன்று மாமி அப்பாவைப் பார்க்க வந்தாள். குங்குமம் இட்டு, வெற்றிலை பாக்கு பழத்தோடு அவள் டப்பாவையே கழுவித் துடைத்து, உள்ளே ஆஸ்பத்திரி பில்லின் நகலைச் சுருட்டி வைத்துக் கொடுத்தேன். தாம்பூலமாயிற்றே, மறுக்க முடியுமா? வெள்ளிக்கிழமை போய், "எப்படி இருந்தது மாமி?" என்று விசாரிப்பேன்.

தீர்க்காயுசோடு இரு, சுகமாகப் பெற்றுப் பிழைத்து வா. அங்கே டாக்டர் சொல்வதை மட்டும் கேள். பொடியைக் குப்பையில் கொட்டி, காலி டப்பாவைப் படமெடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. அது வரும்வரை எனக்குத் தூக்கமில்லை.

இப்படிக்கு,
மூன்று பேரைச் சேர்த்த,
நீ நாலாவதாக ஆகிவிடக் கூடாதே என்று பதறும் உன் அம்மா,
ஹம்சா