போட்டோவின் பின்பக்கத்து நம்பர்

சம்பந்தியம்மா,

முதலில் பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியவனின் மகன் கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக் குடிபோய்விட்டான். அவன் தங்கைக்கு பேங்கில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நம் சுகன்யா அமெரிக்காவில் படிப்பை முடித்து டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படிப்பு டாக்டர்.

பொழிச்சலூரில் இதை நான் சொல்லாத வீடு கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவளுக்குப் பேரப்பிள்ளைகளின் பட்டம்தான் நகை. அந்த நகை ஆசையில் உங்களுக்கு நான் செய்ததை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலை உங்கள் மகள் மல்லிகா ஆபீசுக்குக் கிளம்பும்போது, "அத்தை, சுகன்யா ஹெல்மெட்டோட நிக்கிற போட்டோ உங்க பெட்டியிலதானே இருக்கு? எடுத்து வைங்க. சாயந்திரம் பிரேம் போடக் குடுத்துடறேன்" என்றாள். எடுத்து வைத்திருக்கிறேன். பிரேம் போட்டால் பின்பக்கத்தை அட்டை மூடிவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் போட்டோ தபாலில் வந்த அன்று நீங்கள் சேலையூரிலிருந்து பஸ் ஏறி வந்தீர்கள். செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்கள் எப்படி வாழ்வது என்று பழகிப் பார்க்க, அமெரிக்கப் பாலைவனத்தில் கூடாரம் மாதிரி ஒரு வீடு கட்டி ஆறு பேரை அடைத்து வைக்கப்போகிறார்கள், நம் பெண்தான் அவர்களுக்குத் தலைவி என்று நான் விளக்கினேன். வெளியே வந்தால் போட்டோவில் இருக்கிற அந்த ஹெல்மெட் உடுப்போடுதான் வரவேண்டும். போனும் மெயிலும் கிடையாது. அவர்கள் ஆபீசிலிருந்து சேதி போனாலும், நிஜச் செவ்வாய் போல இருபது நிமிஷம் நிறுத்தி வைத்துத்தான் கொடுப்பார்கள்.

"அப்ப சொப்பு வெச்சு விளையாடற மாதிரின்னு சொல்லுங்க" என்று சிரித்தீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியும்" என்றேன்.

"எனக்கு என்னா புரியணும்? நான் போறப்ப என் நெய்ப்பந்தம் செவ்வாயில உக்காந்துக்காம இருந்தா சரி."

உங்களுக்கு ஒரே பேத்தி. தூக்கி வளர்த்ததும் நீங்கள். சாவுக்குப் பந்தம் பிடிக்க வேறு பேரப்பிள்ளை இல்லாததால் அவளை நெய்ப்பந்தம் என்றே கூப்பிடுவீர்கள். அவளும் "என்னா கிழவி, நெய் ரெடியா?" என்பாள். எனக்கு அந்த விளையாட்டு வராது. என்னிடம் அவள் மரியாதையாகத்தான் பேசுவாள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, சம்பந்தியம்மா.

கூடாரத்துக்குள் போவதற்கு முந்தின நாள் அவள் போன் செய்தாள். வீட்டில் நான்தான் இருந்தேன். "பாட்டி, ஒரு நம்பர் எழுதிக்குங்க. யாருக்காவது உடம்பு முடியலன்னா இதுக்குப் போட்டா எனக்குச் சொல்லிடுவாங்க" என்றாள். கைக்குக் கிடைத்த அந்தப் போட்டோவின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் உங்களுக்கு நெஞ்சுவலி. தாம்பரம் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தீர்கள். "அவ குரலை ஒரு தரம் கேட்டுடறேன்" என்றீர்கள். மல்லிகா என் பக்கம் திரும்பி, "அத்தை, நம்பர் எதாவது குடுத்தாளா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் குடுக்கல. அவ செவ்வாயில இருக்கா, அங்க எப்படிப் பேசறது?" என்றேன்.

சேதி தெரிந்தால் பாதியில் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்துவிடுவாள். தலைவி என்ற பேர் போய்விடும். தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள் என்றும் நினைத்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "சரி, விளையாடட்டும்" என்றீர்கள். அதற்குப் பிறகு நாலு நாள் இருந்தீர்கள். இருபது நிமிஷம் காத்திருக்க உங்களால் முடிந்திருக்கும்.

எதிர்வீட்டுப் பெண் குழந்தையைக் கூப்பிட்டுப் பந்தம் பிடிக்க வைத்தோம். நெய் சொட்டியதும் அது பயந்து அழுதது.

கூடார வாசம் முடிந்து சுகன்யா வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. உங்கள் கட்டிலில் உட்கார்ந்து என்னிடம், "பாட்டி, அது வெறும் மரக்கதவு. தள்ளினா தொறந்துக்கும். உங்ககிட்ட நம்பர் குடுத்தேனே?" என்றாள்.

"மறந்துபோச்சும்மா" என்றேன். இரண்டாவது பொய். மல்லிகாதான் எனக்குப் பரிந்து பேசினாள்: "விடுடி, வயசானவங்க. அந்தக் கலவரத்துல நம்பர் குடுத்ததே ஞாபகம் வந்திருக்காது."

தாயைப் பறிகொடுத்தவள் என்னைத் தேற்றினாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

முன்பெல்லாம் சுகன்யா போன் செய்தால், "புதுசா போட்டோ எடுத்துத் தபால்ல போடும்மா" என்பேன். இப்போது கேட்பதில்லை. எந்தப் போட்டோ வந்தாலும் கை தானாக அதைத் திருப்பிப் பார்க்கிறது. அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். என் வீட்டு நம்பர்கூட சமயத்தில் தடுமாறும், அது தடுமாறாது.

மேலே விமானம் இறங்குகிறது. மல்லிகா ஆபீசிலிருந்து வரும் நேரம். போட்டோவை மேஜையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பேனாவால் அழுத்தி எழுதிய நம்பர், நன்றாகத் தெரிகிறது. "என்ன அத்தை இது" என்று கேட்பாள்.

கேட் சத்தம் கேட்கிறது, சம்பந்தியம்மா. நான் அதைத் திருப்பவில்லை.