பூட்டிய அறையிலிருந்து சாப்பிட வந்தவனுக்கு

இன்று மதியம் அலுவலகச் சாப்பாட்டு அறையில் யாரோ டப்பாவைத் திறந்தார்கள். நல்லெண்ணெய் மணக்கும் புளிச்சோறு. உன் மனைவி கட்டித் தருவாரே, அதே வாசனை. போன மாதம்தான் மாரடைப்பில் போனாய். நியாயமாக எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. அந்த அறைக்கு நீ வந்திருக்கவே கூடாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் பிழைப்பு என்ன? புது மருந்து சாப்பிடுகிறவர்களும் பழைய மருந்து சாப்பிடுகிறவர்களும் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பது. வரைபடத்தில் மருந்துக்கு ஒன்றாக இரண்டு கோடுகள், ஒரு சாவுக்கு ஒரு படி என்று இறங்கும். அவற்றைப் பாதியில் பார்க்க வெளியாட்கள் குழு ஒன்றுக்குத்தான் அனுமதி. வரைந்து கொடுக்க நம்மில் ஒருவனுக்கு. அவனுக்குத் தனி அறை, தனிப் பூட்டு. சோதனை முடியும்வரை நம்மோடு உட்கார்ந்து சாப்பிடவும் மாட்டான். வாயை அடக்கிவிடலாம், முகத்தை அடக்க முடியாது என்பதால் நம் ஆபீசில் வைத்த வழக்கம் அது.

அந்த வேலை உனக்குக் கிடைத்ததும் தீபாவளிச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி திரிந்தாய். "எனக்கு மட்டும்தான் தெரியும் மச்சான்" என்பாய். ரகசியத்தை வைத்திருப்பது உனக்குப் போதவில்லை. உன்னிடம் ரகசியம் இருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அற்பப் பயலே!

அந்தப் புற்றுநோய் மாத்திரைச் சோதனையைக் குழு முதல் தடவை பார்த்துவிட்டு, "தொடரலாம்" என்ற ஒரே சொல்லோடு எழுந்து போனது. ஆரம்பத்தில் கோடுகள் விலகுவது வெறும் தற்செயலாகவும் இருக்கும், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பது நாம் படித்த முதல் பாடம். நீயோ அன்று புளிச்சோற்றைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் மேசைக்கு வந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாய்.

"இன்னாபா, மூஞ்சில பல்பு எரியுது?" என்றார் மேனேஜர்.

நீ தலையைக் குனிந்து அப்பளத்தை நொறுக்கினாய். அவருக்கு அது போதும். புது மருந்து ஜெயிக்கிறது என்று சாயங்காலத்துக்குள் மருத்துவமனைகளுக்குப் போன் பறந்தது. யாருக்கு எந்த மருந்து என்று டாக்டர்களுக்குத் தெரியும். எது ஜெயிக்கிறது என்பதுதான் அதுவரை தெரியாது. பழைய மருந்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் புதியதற்கு மாற்றினார்கள். யார் எதனால் பிழைத்தார் என்று பிரிக்க முடியாமல் எல்லாம் குழம்பிப்போனது. அந்த மாத்திரை ஆயுளைக் கூட்டுமா? இன்றுவரை யாருக்கும் தெரியாது. தவளையாவது தன் வாயால் தான் கெடும். உன் முகத்தால் கெட்டவர்கள் ஊரார். உனக்குப் பதவி உயர்வு.

ஆபீசில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அதே மேனேஜர் மைக்கைப் பிடித்து, "வாயே தொறக்காத மனுஷன்" என்று உருகினார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

வெள்ளானூரில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாவை நீ பார்த்ததில்லை. அவருடைய கணவர் ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் அந்தச் சோதனையில், பழைய மருந்தில் இருந்தார் என்பது அவர் இறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"மாத்திக்கலாம்னு டாக்டர் சொன்னாருப்பா. கையெய்த்து போட்டாச்சு, மாற மாட்டேன்னுட்டாரு" என்றார் அம்மா.

சாகப்போகிற மனிதர் கொடுத்த வாக்கில் நின்றார். உன்னால் தனியாக உட்கார்ந்து ஒரு வேளை சோறு தின்ன முடியவில்லை.

போன வாரம் அம்மா என்னை மாடிப்படியில் நிறுத்தினார். "நீ அந்த ஆபீஸ்தானே? அவரு போனது போவட்டும். அவரால நாலு பேருக்கு உதவுமில்ல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உதவாதும்மா. எங்க ஆளு ஒருத்தன் கெடுத்துட்டான்."

"எங்க கீறான் அவன்?"

"செத்துட்டான்மா."

ஒரு படி இறங்கியவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "பொண்டாட்டி கீறாளா?"

"இருக்காங்க."

"அவளாண்ட சொல்லிடாதப்பா. பாவம்."

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் படத்திறப்பு. பழைய நண்பன் என்று உன் மனைவி என்னை நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டிருக்கிறார். உன்மேல் எனக்கிருக்கும் இளக்காரம் இம்மியும் குறையவில்லை. அதைச் சாகும்வரை நான்தான் சுமக்க வேண்டும் போலிருக்கிறது. போவேன். மாலை போடுவேன். நல்லவன் என்று சொல்வேன்.

அது உனக்காக இல்லை.