ஒரு கூடாரத்துக்கு எத்தனை மெத்தை

4.3.1984, ஞாயிறு

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் இவர் சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடத்தை விரித்துவிட்டார். தட்டு வைக்க இடமில்லை. மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் பயணமாம். கோலா தெர்லா தாண்டி, மரம் ஏற்றும் லோரிகள் போகும் மண் பாதையில் லோஜிங் பக்கம் இறங்குவது, பாதை இருக்கும்வரை போவது, இல்லாத இடத்தில் திரும்புவது. ராத்தங்கல் எல்லாம் காட்டில்தான். ஏலத்தில் எடுத்த பழைய லேண்ட்ரோவரை ஒரு வருடமாகக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தாரே, காரணம் இப்போதுதான் தெரிகிறது. தேயிலை ஃபேக்டரியில் நாள் முழுக்க மெஷின் பார்க்கிற ஃபிட்டருக்கு வீட்டிலும் ஒரு மெஷின் வேண்டியிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

"உங்க தம்பி ஆர்தரக் கூட்டிட்டுப் போங்க, நல்லா வண்டி தள்ளுவாரு" என்றேன்.

"ஆர்தர் எதுக்கு? நீ வரலையா?"

பள்ளிக்கூடப் படியில் சறுக்கி, தேயிலைச் சரிவில் உருண்டு, முதுகை உடைத்துக்கொண்டு மூன்று வருடமாகிறது. அதற்குப் பிறகு என்னை யாரும் எங்கேயும் கூப்பிடுவதில்லை. அன்பினால்தான், தெரியும். ஈப்போ டாக்டர் எழுந்து நடக்க வைத்தாரே, மறுபடி கரும்பலகை முன்னால் நிற்கிறேனே, அதுவே பெரிய புண்ணியம். ஆனாலும் கூப்பிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கிறது!

7.3.84

இதை எங்கேயாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம் தூக்கத்தில் இவர் புரண்டார். கட்டில் ஆடியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு செல்லம்மா விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அன்றைக்குக் கட்டிலை விட்டு இறங்கியவர்தான். நான் மேலே பலகைக் கட்டிலில், இவர் கீழே பாயில். என் முதுகு தேறி வெகுநாள் ஆகிவிட்டது. இவர் ஏறவில்லை. நானும் கூப்பிடவில்லை. மகள் பவுலினைக் கட்டிக்கொடுத்து அவள் இரண்டாவதைச் சுமந்துகொண்டிருக்கும்போது, நான் எந்த முகத்தோடு கூப்பிடுவது?

இவர் கூடாரம் என்றதும் எனக்குக் காடோ ஆறோ ஞாபகம் வரவில்லை. கூடாரத்தில் கட்டில் இருக்காது. அதுதான் ஞாபகம் வந்தது.

இந்தப் பார்பரா டீச்சருக்கு வந்த ஆசையைப் பார்.

18.3.84, ஞாயிறு

முதல் கூடாரம் வந்தது. பட்டாளத்தில் கழித்துப் போட்டதாம். இரண்டு குச்சி, நடுவில் தொங்கும் கித்தான், அவ்வளவுதான். திடலில் அடித்துவிட்டு "உள்ள போய்ப் பாரு பார்பரா" என்று ராஜா மாதிரி கையைக் காட்டுகிறார். தவழ்ந்துதான் போக வேண்டும். போனேன். திரும்ப முடியவில்லை. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே, மாட்டிக்கொண்டேன். செல்லம்மாவும் இவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெதுவாக வெளியே எடுத்தார்கள்.

"பிரசவம் பாத்த மாதிரி இருக்கு டீச்சரம்மா" என்றாள் செல்லம்மா.

வலித்தது. ஆனால் சிரிப்பு வந்து வலியை மறந்தேன். செல்லம்மா மட்டும் இல்லாவிட்டால் இந்த மூன்று வருடத்தை எப்படித் தள்ளியிருப்பேன்? காலையில் கொழுந்து எடுக்கப் போகுமுன் எனக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போனவள். ஒரு நாள் தவறவில்லை.

19.3.84

இடுப்பைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கு லீவு. இவர் வந்து வந்து எட்டிப் பார்க்கிறார், குற்றவாளி மாதிரி.

15.4.84

இரண்டாவது கூடாரம். இது நின்றுகொண்டே நுழையலாம். நடுவில் நான் நிமிர்ந்து நிற்கலாம், அடியில் ரப்பர் விரிப்பு சேர்த்துத் தைத்திருக்கிறது. கனம்தான். "தூக்கப் போறது வண்டிதானே, நீயா?" என்கிறார். எனக்காகத்தான் இதைத் தேடியிருக்கிறார். ஈப்போவில் கடை கடையாக ஏறி, உள்ளே போய் நின்று, தன் தோளில் கையை வைத்து என் உயரத்தை அளந்து பார்த்தாராம். கடைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

புதுக் கித்தானை ஒரு தடவை நன்றாக நனைத்துக் காய விட்டால்தான் நூல் உப்பித் தையல் ஓட்டை அடைபடுமாம். சாரல் அடித்துக்கொண்டிருக்கும்போதே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார். லயத்து வரிசை வீடுகளே வேடிக்கை பார்த்தன.

"பெய்யிற மழ பத்தலையாண்ணே?" செல்லம்மாதான்.

"இது உள்ளுக்குப் பெய்யாம இருக்கத்தான் வெளிய ஊத்துறேன். சும்மா இருலா."

உள்ளே நின்று ஈரக் கித்தானைத் தொட்டுப் பார்த்தேன். தொட்ட இடத்தில் சொட்ட ஆரம்பித்துவிட்டது. தொடக்கூடாதாம். சொல்லவே இல்லையே!

29.4.84

பவுலினுக்கு ஆண் குழந்தை. தாயும் சேயும் சுகம். மாதாவே, உனக்கு நன்றி.

13.5.84

மெத்தை ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. வீட்டுப் பஞ்சு மெத்தையைக் கூடாரத்தில் ஓர் இரவு போட்டு வைத்தோம். காலையில் பனியைக் குடித்துவிட்டு, இரண்டு பேர் தூக்க வேண்டியதாகிவிட்டது. ஸ்பாஞ்சு மெத்தையில் படுத்தால் இடுப்பு மட்டும் குழிக்குள் இறங்குகிறது. டாக்டர் சொன்னதற்கு நேர்மாறு.

"காத்தடிக்கிறதுதான் சரி. வேண்டிய அளவுக்கு இறுக்கிக்கலாம்" என்று முடிவு சொன்னார்.

20.5.84

காற்று மெத்தை வாங்கி வந்துவிட்டார். இரண்டு. ஒற்றை ஆள் படுக்கிறது, நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று.

"உனக்கு எது வேணும்?" என்றார்.

எது வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வேன். நீலம் என்றேன்.

21.5.84

கோபமில்லை. பாயில் படுத்துப் படுத்து அவருக்குப் பழகிவிட்டதோ என்னவோ. தனியாகப் படுத்தால் நிம்மதியாகக்கூட இருக்கலாம். நான்தான் கிழவி வயதில் அசடு மாதிரி—

போதும்.

3.6.84

நேற்று ஃபேக்டரியில் மெத்தைகளுக்குக் காற்று அடித்துக் கொண்டுவந்தார். வெளியே மழை என்பதால் தேயிலையைச் சூட்டில் உலர்த்தும் அடுப்பறையில் வைத்துக் கல்லு மாதிரி அடித்திருக்கிறார். கூடாரத்தில் போட்டோம். இன்று காலையில் பார்த்தால் இரண்டும் தொளதொளவென்று கிடக்கின்றன. ஓட்டை மெத்தையைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினார். குளிக்கும் தொட்டியில் அமுக்கிப் பார்த்தார். ஒரு குமிழி கிடையாது. இன்னும் கோபம் வந்துவிட்டது.

6.6.84

ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் பாடம். காலிப் போத்தலின் வாயில் பலூனை மாட்டிச் சுடுதண்ணீரில் வைத்தால் பலூன் உப்பும், பச்சைத் தண்ணீரில் வைத்தால் சுருங்கும். பலூன் சுருங்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

மெத்தையில் ஓட்டை இல்லை, அடுப்பறைச் சூட்டில் அடைத்த காற்று ராத்திரிக் குளிரில் சுருங்கிவிட்டது என்று சாயங்காலம் இவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "இருபது வருசமா அந்த அடுப்பறையில நிக்கிறேன். இது தோணல பாரு." பிறகு இவருக்கும் சிரிப்பு. கடைக்காரரைத் திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அவர் காதில் விழாத திட்டுக்கு எதற்கு மன்னிப்பு! ஆனால் இவர் அப்படித்தான். எனக்கு வாய்த்தவர் அப்படி.

10.6.84, ஞாயிறு

மன்னிப்புக் கேட்க இவர் மெத்தைகளோடு கடைக்குப் போகும்போது நானும் போனேன். விழுந்த பிறகு மலையை விட்டு நான் இறங்கியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். மலையடியில் இருக்கும் தாப்பா வரைக்கும் அத்தனை வளைவிலும் இவர் என்னைத்தான் பார்த்தார், பாதையைப் பார்த்தாரோ இல்லையோ.

ஈப்போக் கடையின் சீன முதலாளி, தவுக்கே, நல்ல மனுசர். இவர் மன்னிப்புக் கேட்டதும் சிரித்துக்கொண்டே, வேறு ஏதாவது வேண்டுமா என்று மலாயில் கேட்டார். மேலே பார்த்தேன். இரட்டைக் காற்று மெத்தை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கிருந்து தைரியம் வந்ததோ. "இந்த ரெண்டும் வேணாம். அது ஒன்னு போதும்" என்று கையைக் காட்டிவிட்டேன்.

இவர் காது சிவந்துவிட்டது. தவுக்கே ஒன்றும் தெரியாதவர் மாதிரி மாற்றிக் கொடுத்தார். அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

திரும்பும்போது மலை ஏறி, ரிங்லெட் தாண்டித்தான் வாயைத் திறந்தார். "நான் புரண்டா உனக்கு வலிக்குமே பார்பரா."

"வலிச்சா சொல்றேன்."

"அன்னிக்கு நீ கத்துனது இன்னும் என் காதுல கேக்குது."

இதை மூன்று வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாரா? நான் நினைத்ததெல்லாம் என்ன, இவர் நினைத்தது என்ன!

17.6.84

தோல்வி.

நேற்று திடலில் கூடாரம் அடித்து இரட்டை மெத்தையில் படுத்தோம். இவர் ஓரத்தில் கட்டை மாதிரி, மூச்சுகூட விடாமல். எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. அப்புறம் இவர் அசந்து தூங்கிப் புரண்டார். அந்தப் பக்கம் அமுங்கியதும் இந்தப் பக்கம் என்னைத் தூக்கிப் போட்டது. வலி முதுகிலிருந்து கால்வரை இறங்கியது. கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டேன். எப்படித்தான் தெரிந்ததோ, எழுந்துவிட்டார். விடிந்ததும் தேடிப்போனால் லேண்ட்ரோவர் முன் சீட்டில் சுருண்டு கிடக்கிறார், கம்பளிகூட இல்லாமல்.

18.6.84

"ஆர்தரையே கூட்டிட்டுப் போங்க. எனக்கு ஒன்னுமில்ல" என்றேன். சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

இவர் வண்டிக்குப் போய்விட்டார். போகட்டும். பலகைக் கட்டில் இருக்கிறது, நல்ல பலகை. கீழே இவர் இருமினால் கேட்கிறது. இதற்கே எத்தனை பேருக்குக் கொடுத்து வைக்கவில்லை. நான் நன்றி கெட்டவள் ஆகக்கூடாது.

ஆனாலும் அழுகை வருது. என்ன செய்ய?

8.7.84

வண்டியின் முன் சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கிறார்! நல்லாத்தானே இருந்தது? கேட்டால் "பாக்கணும்" என்கிறார். வாரக் கடைசியில் தாப்பாவுக்கு வேலையாம். என்ன வேலை என்று சொல்லவில்லை.

22.7.84, ஞாயிறு

தாப்பாவிலிருந்து பெரிய கட்டு ஒன்று வந்து இறங்கியது. காருக்கு சீட்டு தைக்கிற கடையில் சொல்லிச் செய்திருக்கிறார். தேங்காய் நாரை ரப்பர் பால் விட்டு அழுத்திய கெட்டிப் பலகை, மூன்றாக மடிக்கிற மாதிரி, மேலே கித்தான் உறை. அன்றைக்கு வண்டியில் சுருண்டு கிடந்தாரே, அப்போது தோன்றியதாம். முன் சீட்டில் ஓர் ஆள் எப்படிக் குதித்தாலும் பக்கத்தில் இருப்பவருக்கு ஆட்டம் தெரிவதில்லை, உள்ளே என்னதான் இருக்கிறது என்று கிழித்துப் பார்த்திருக்கிறார்.

கூடத்தில் விரித்தார். விரித்துக்கொண்டே போகிறது. சுவருக்குச் சுவர்.

"எத்தனை செஞ்சீங்க?"

"ஒன்னுதான்." தலை நிமிரவில்லை. "வண்டியில ரெண்டுக்கு எடமில்ல."

அந்த வண்டியில் இரண்டு மாடு ஏற்றலாம்.

என்னைப் படுக்க வைத்துவிட்டு, மறு ஓரத்தில் இவர் உருண்டார். "தெரியுதா?" "இல்ல." முழங்காலில் நின்று தொப்பென்று விழுந்தார். "இப்ப?" "இல்லங்க." இன்னும் ஒரு உருளல். வாசலில் செல்லம்மா கொழுக்கட்டைத் தட்டோடு நிற்கிறாள்.

"ஐயோ, நா அப்பறமா வரேன்" என்று ஓடியே போய்விட்டாள்.

நான் அங்கேயே படுத்து அழுதேன். இவர் பயந்துபோய், "வலிக்குதா? எங்க வலிக்குது?" என்கிறார். எங்கேயும் வலிக்கவில்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்.

12.8.84

கிளம்பிவிட்டோம். கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்த லோரிக்காரர்களிடம் வழி கேட்டோம். பாதை காய்ந்திருக்கிறதாம். செல்லம்மா இட்லி கட்டிக் கொடுத்தாள், கூடவே ஒரு சிரிப்பும்.

13.8.84, திங்கள்

எழுதும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. வண்டிப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே ஆறு. பெயர் தெரியாது. நேற்று பாதை முழுக்கக் குழி. வந்து சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் பேசத் தெம்பில்லை. கூடாரத்தை அடித்து, மெத்தையை விரித்து, இட்லியைத் தின்றுவிட்டுப் படுத்தோம். ஓரத்தில் விறைத்துக் கிடப்பார் என்று நினைத்தேன். படுத்ததும் குறட்டை.

விடியும்போது விழித்துக்கொண்டேன். இவர் கை என் இடுப்பின் மேல் கிடந்தது. கனம். நேற்றைய குலுக்கலில் முதுகும் லேசாக வலித்தது, வெளியே போக வேண்டிய அவசரம் வேறு. கையை நகர்த்தினால் விழித்துக்கொள்வார். வலிக்குதா என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தள்ளிப் படுத்துவிடுவார்.

அடக்கிக்கொண்டு அப்படியே கிடந்தேன், இவராக எழும்வரை.