வியாழக்கிழமை நான் சாரம் பார்க்கவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நலம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்தேன். கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று பயந்துவிடாதே, நானேதான். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் அண்ணன் எழுதினது, நான் பத்து சொன்னால் அவன் இரண்டு எழுதுவான், மீதி எங்கேடா என்று கேட்டால் எல்லாம் இதுலயே அடக்கம்ப்பா என்பான். இப்போது பத்தையும் நானே எழுதுகிறேன். இந்த அளவுக்கு வந்து சேர ஒரு முழு சாயங்காலம் ஆனது. அம்மா எட்டிப் பார்த்து, பூசின சுவரத் தடவுற மாதிரி தாளத் தடவுறீங்களே, காய்ஞ்சிருச்சான்னு பாக்குறீங்களா என்று சிரித்தாள். இந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

நான் படிக்கப் போன கதை உனக்குத் தெரியாது. அண்ணன் கம்பெனிக்குப் பெரிய கட்டட வேலை கிடைக்க வேண்டுமென்றால் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும், அதைப் புதுப்பிக்கிறவர்கள் இந்தத் தடவை ஒரு புது விதி போட்டார்கள், கட்டடத்தைச் சுற்றி ஏறி நிற்கக் கட்டுகிற சாரத்தைச் சோதிக்கிற மேஸ்திரிக்குச் சோதனைத் தாளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமாம். நாற்பது வருஷமாகச் சாரத்தை உலுக்கிப் பார்த்தே நல்லது கெட்டது சொன்னவன் நான், ஆனாலும் விதி விதிதானே. சைட்டில் சிமெண்டு ஷெட்டிலேயே காலையில் ஒரு மணி நேரம் வகுப்பு. சொல்லிக்கொடுக்க வருகிற பெண், தாத்தா, மூட்டை கனமா எழுத்து கனமா என்று கேலி செய்யும். ஒருநாள் மூட்டையின் மேல் அச்சடித்திருந்ததை நானே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன், அப்பா என்ன சந்தோஷம், இத்தனை வருஷம் தோளில் சுமந்தது இன்னதென்று அன்றைக்குத்தான் அது தானே வாய் திறந்து சொன்ன மாதிரி இருந்தது. தெருவில் கண்ணில் பட்ட போர்டை எல்லாம் உரக்கப் படித்துக்கொண்டு நடந்தேன், அம்மா வெட்கப்பட்டுப் பத்தடி தள்ளி வந்தாள்.

அந்தச் சந்தோஷம்தான் ஒரு மனுஷனைக் கீழே தள்ளியது. தினமும் காலையில் யாரும் ஏறும் முன்னால் நான் சாரத்தைச் சுற்றி வந்து குழாயோடு குழாயைச் சேர்க்கிற ஒவ்வொரு பூட்டும் இறுக்கமா என்று பார்த்து, அந்தந்த நாளுக்கான கட்டத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். பார்ப்பது தினமும் பார்ப்பேன், கைநாட்டை மட்டும் திங்கட்கிழமையே ஆறு நாளுக்கும் சேர்த்து உருட்டிவிடுவேன், தினம் தினம் யார் மையைக் கழுவுவது. இது அண்ணனுக்கும் தெரியும், சைட்டில் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் ஒரு வியாழக்கிழமை அந்தப் பெண் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு முழுசாக ஒரு வரி எழுதச் சொன்னது. எழுதினேன், எல்லோரும் கை தட்டினார்கள், இன்னொன்று எழுதட்டுமா என்று நானே கேட்டேன். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகும் நான் பலகையை விட்டு நகரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் மணல் லாரி பின்னால் வரும்போது சாரத்தின் காலில் இடித்திருக்கிறது, மூன்றாம் தட்டில் ஒரு பூட்டு நெகிழ்ந்திருக்கிறது, கை வைத்து உலுக்கியிருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்த்திருப்பேன் என்று நம்பி நெட்டை மாமா பூச்சுக் கரண்டியோடு ஏறினார், உன்னைச் சின்ன வயதில் தோளில் வைத்துச் சுற்றின அதே நெட்டை மாமாதான். நின்ற சாரப் பலகையோடு விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினேன், என் கையில் சாக்பீஸ் இருந்தது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது, இனி எழுந்து நடக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிறகு இன்சூரன்சிலிருந்து ஆபீசுக்கு ஒரு தாள் வந்தது. நான் முதன்முதலாக முழுசாகப் படித்த பக்கம் அதுதான் மகளே. சாரம் அன்று காலை மேஸ்திரியால் சோதிக்கப்பட்டு நல்ல நிலையில் இருந்தது, கைநாட்டு உள்ளது, ஆகவே விழுந்தது தொழிலாளியின் கவனக்குறைவு, நஷ்டஈடு கிடையாது என்று போட்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று அண்ணனிடம் சொன்னேன். அப்பா, சான்றிதழ் போச்சுன்னா முப்பது குடும்பம் தெருவுல நிக்கும், அதுல நம்மளும் ஒண்ணு என்று என் காலைப் பிடித்தான். பெத்த புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க என்று அம்மா அழுதாள். இருந்தும் வியாழக்கிழமை நான் சாரம் பார்க்கவில்லை, கைநாட்டு திங்கட்கிழமை வைத்தது என்று ஒரு தாளில் எழுதி, சான்றிதழுக்குச் சோதிக்க வந்த அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே, சார், அப்பா இப்பத்தான் எழுத்துப் பழகுறார், மனசுல வர்றதெல்லாம் எழுதிப் பாப்பார் என்றான். அந்த அதிகாரி எனக்குக் கை கொடுத்தார், இந்த வயசுல இவ்வளவு குண்டு குண்டா எழுதுறீங்களே என்று பாராட்டித் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மகளே, நான் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. சான்றிதழைக் கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டியிருக்கிறார்கள், படிக்கத் தெரிந்த பாவத்துக்குத் தினமும் அதைப் படிக்கிறேன்.

நெட்டை மாமாவைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூரையையே பார்த்துக்கொண்டு, நீ பாக்கலன்னு எனக்கு விழும்போதே தெரியும்டா, நீ பாத்திருந்தா அது கழண்டிருக்காது என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த மாதம் இன்சூரன்ஸ் ஆள் மறுபடி கடைசியாக விசாரிக்க வருகிறார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறேன், ஆனால் எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. அண்ணன் தினமும் முகத்தைப் பார்க்கிறான், அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, ஒருமுறை வாயை மூடினவன் மறுபடி மூட மாட்டேன் என்று என்ன நிச்சயம். அதனால் அதிகாரி திருப்பிக் கொடுத்த அந்தத் தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன், எழுத்துப் பழகினது என்று நீயும் நினைத்துவிடாதே. குளிரில் வெளியே போகும்போது குட்டிக்குக் காதை மூடிவிடு, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், உங்கள் மூன்று பேருக்கும் நூறு ஆயுசு இருக்கட்டும். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று, வியாழக்கிழமை சாரம் பார்த்தேன் என்று நான் சொல்லிவிட்டதாக உன் காதில் விழுந்தால், அந்தத் தாளை எனக்கே திருப்பி அனுப்பு. இப்போது எனக்குப் படிக்கத் தெரியும்.

இப்படிக்கு, தானே எழுதிய
உன் அப்பா