ராங்கி சின்ன அறையில் இருந்த நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

பகல் ஷிஃப்ட். வார்டில் மூச்சுவிட நேரமில்லை. வீடு வந்தால், ராங்கிக்குக் காலையில் வைத்த சாப்பாடு தட்டில் அப்படியே காய்ந்து கிடக்கிறது. நேற்றும் இதே கதைதான். மீனை நீட்டினால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். “பூனைக்கு ராங்கின்னு பேர் வச்சா வேற எப்படி இருக்கும்?” என்று இவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காதின் உள்பக்கம் மஞ்சள் தட்டியிருக்கிறது. வார்டில் பார்க்காத மஞ்சளா?

மார்ச் 5

கல்லீரலாம். சாப்பிடாமல் கிடந்து கிடந்து வந்தது. இன்னும் சாப்பிடாவிட்டால் பிழைக்காது. “அட்மிட் பண்ணிடுங்க. டியூப் வச்சு சாப்பாடு குடுப்போம். வீட்லயேன்னா சிரிஞ்சுல ஊட்டணும், அது லேசில்ல,” என்றார் கால்நடை டாக்டரம்மா. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்றாகக் கூண்டுகள். ஒரு நாய் ஓயாமல் அழுதுகொண்டிருந்தது.

“விட்டுட்டுப் போலாம்,” என்றார் இவர். நான்தான் ஒற்றைக் காலில் நின்று தூக்கிவந்தேன். இத்தனை வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு ஒரு பூனையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?

மார்ச் 6

லீவு போட்டாயிற்று. சின்ன அறையை ஒழித்து, தரையை மருந்து போட்டுத் துடைத்து, துவைத்த துணி விரித்தேன். ஊட்டியதில் பாதி அவள் வயிற்றில், பாதி என் உடுப்பில். பரவாயில்லை, பாதி போயிற்றே.

மார்ச் 7

வாந்தி. போனதெல்லாம் வெளியே வந்துவிட்டது.

மார்ச் 8

காய்ச்சல் பார்ப்பது, எடை பார்ப்பது, மருந்து, ஊட்டல், வாய் துடைப்பது, மறுபடி முதலிலிருந்து. தூங்குகிறவளை எழுப்பித்தான் எல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது.

“இப்பதான் கண்ணசந்துச்சு. விடேன்,” என்றார் இவர், வாசற்படியில் நின்றபடி. உள்ளே வரவில்லை, கை கழுவாமல் வரக்கூடாது என்று நான்தான் சட்டம் போட்டிருக்கிறேன். “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க,” என்றேன். வார்டில் நோயாளியின் ஆட்களை விரட்டும் அதே குரல். எனக்கே கேட்டது.

மார்ச் 9

என் காலடிச் சத்தம் கேட்டாலே பீரோவுக்கு அடியில் புகுந்துகொள்கிறாள். நிற்கவே தெம்பில்லாதவளுக்கு அதற்கு மட்டும் எங்கிருந்து வருகிறதோ. இன்று இழுத்து வெளியே எடுத்தேன். சீறினாள். என்னைப் பார்த்து!

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இவர் வந்தார். இந்த முறை கை கழுவவில்லை. “கூண்டுல போட மனசு வரலைன்னு தூக்கிட்டு வந்தே. இங்க மட்டும் என்ன வாழுது? இதுவும் வார்டுதானே? அங்க ஊசி போடுறவங்க வேற, நாம வேற. இங்க ரெண்டுமே நீதான். அது யார்கிட்ட போய் ஒண்டும், சொல்லு?”

“உங்களுக்கு என்ன தெரியும்!”னு கத்திட்டேன். தெரியாமலா சொன்னார்? எடை இன்னும் இறங்கியிருக்கு. அவர்கிட்ட சொல்லலை. அங்க விட்டு, யாருமில்லாம போய்ட்டா? இங்கயே வச்சிருந்து என் கையாலயே போய்ட்டா? — எதுன்னு யாராவது சொல்லித் தொலைங்களேன்.

மார்ச் 10

அட்மிட் செய்தாயிற்று. முதலிலேயே விட்டிருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

எப்போது ஊட்டுவீர்கள், எவ்வளவு, டியூப்பை யார் கழுவுவது — கேட்டுக்கொண்டே நின்றேன். அங்கிருந்த நர்ஸ் பெண், “நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. நாங்க பாத்துக்கறோம்,” என்றாள். எத்தனை பேரிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பேன். கேட்ட பிறகு அவர்களெல்லாம் எப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தார்களோ?

மார்ச் 11

வேலைக்குப் போனேன். என்ன செய்தேன் என்று கேட்டால் தெரியாது.

மார்ச் 13

பார்க்கப் போனோம். வாந்தி நின்றிருக்கிறதாம். பிழைப்பாளா என்று இப்போதே சொல்ல முடியாதாம்.

கூண்டைத் திறந்ததும் மூலைக்குப் போய் ஒடுங்கிக்கொண்டாள். கழுத்தில் கட்டு, டியூப். காதை மடித்து மஞ்சளைப் பார்க்கக் கை தானாகப் போயிற்று. இவர் என் முழங்கையைப் பிடித்தார். வெறுங்கையை உள்ளே நீட்டியபடி நின்றேன். வெகுநேரம் கழித்து மெல்ல வந்தாள். விரல் விரலாக முகர்ந்தாள். பிறகு உள்ளங்கையில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள்.

கை மரத்துவிட்டது. நான் அவளை எழுப்பவில்லை.