சரசக்காவின் கை

1996, ஐப்பசி. செவ்வாய் இரவு, ஆர்.எஸ்.புரம் அறை.

இத்தனை மாதமும் ஆய்வுக்காக என் கையையே அளந்துகொண்டிருந்தேன். வேறொரு உடம்பிலும் அளந்து காட்டு என்று கைடு சொல்லிவிட்டார். கேட்க ஆளில்லை. ஆய்வகம் கூட்ட வரும் சரசக்காவைக் கேட்டேன்.

"கரண்டு அடிக்குமுங்களா அம்மணி?"

அடிக்காது அக்கா, பல அதிர்வெண்களை ஒன்றாகக் கலந்து துளி மின்சாரம் அனுப்புவேன், தசை அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பேன் என்றேன். ஒரு கையில் எலக்ட்ரோடுகளை ஒட்டியதும் கண்ணை மூடிக்கொண்டு மறு கையை நீட்டினார். "எதுக்கும் இந்தக் கையைப் புடிச்சுக்குங்க." பிடித்துக்கொண்டேன்.

திரையில் கோடு உயர் அதிர்வெண்களில் தாறுமாறாக விலகியது. மறுபடி அளந்தேன், அப்படியேதான். ஒற்றைக் கையால் வயரைக்கூட மாற்றிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. தொட்டுக்கொண்டிருந்தால் என் உடம்பு வழியாகவும் மின்சாரம் கசியும். இதை ஜூனியர்களுக்குச் சொல்லித்தருபவளே நான்தான்.

அக்கா கண்ணைத் திறந்தார். "எனக்கு அப்பவே பயம் போயிருச்சுங்க. நீங்கதான் உடாம புடிச்சிருக்கீங்க."

விட்டேன். கோடு சரியாக வந்தது. கைடிடம் அதைக் காட்டலாம்.

தப்பாக வந்ததை அழிக்க மனம் வரவில்லை. ஃப்ளாப்பியில் இருக்கட்டும்.